வீட்டு மதிலை ஒட்டிய சாலை யாருக்குச் சொந்தம்?

சென்னையின் குடியிருப்புத் தெருக்களில் வண்டி நிறுத்துவதை ஒட்டி எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவற்றுக்கு, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு நம்பிக்கைகளே காரணம். தம் மதில் சுவரை ஒட்டிய சாலைப் பகுதி தம் வீட்டைச் சேர்ந்தது என்று வீட்டுக்காரர் நம்புகிறார். 'நோ பார்க்கிங்' பலகை இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திவிட்டுப் போகலாம் என்று வண்டிக்காரர் நம்புகிறார். சட்டம் இந்த இரண்டு நம்பிக்கைகளையும் ஏற்கவில்லை. மேற்கு மாம்பலத்தின் குறுகலான தெருக்களில் ஒன்றில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன் என்ற முறையிலும், எங்கள் தெருக்காரர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் இந்த ஒரு பொருளிலேயே பேச்சு முட்டி நிற்பதைப் பார்த்து வருபவன் என்ற முறையிலும், சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது, அது ஏன் தெருவுக்கு வந்து சேரவில்லை என்பதை விரிவாக எழுத நினைத்தேன்.

முதலில் கேட் விஷயம். 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில், எங்கெல்லாம் வண்டி நிறுத்தக் கூடாது என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. நடைபாதை, சைக்கிள் பாதை, பாதசாரிகள் கடக்கும் இடம், பேருந்து நிறுத்தத்தின் அருகில், பள்ளி மற்றும் மருத்துவமனை வாசல், தீயணைப்புக் குழாயை மறைக்கும் இடம், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசை ஆகியவற்றோடு, ஒரு கட்டடத்துக்குள் நுழையும் வழி, வெளியேறும் வழி ஆகியவற்றின் முன்னாலும் நிறுத்தக் கூடாது என்று அதில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே கேட்டை அடைத்து வண்டி நிறுத்தியவர்மீது கோபப்பட வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு. அதற்குத் தனியாகப் பலகை மாட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் அந்த உரிமை கேட்டின் அகலத்தோடு முடிந்துவிடுகிறது. பத்தடி அகலமுள்ள கேட்டுக்காக நாற்பதடி நீளமுள்ள மதில் முழுவதையும் தமதாக்கிக்கொண்டு, பூந்தொட்டிகளையும் மணல் மூட்டைகளையும் சிமெண்ட் நிரப்பிய பெயின்ட் டப்பாக்களையும் வரிசையாக வைப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. இரவில் அந்தச் சிமெண்ட் டப்பாவில் இரு சக்கர வண்டி மோதினால் என்ன ஆகும் என்று அதை வைப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அனுமதியின்றி வீட்டு முன்னும் கடை முன்னும் 'நோ பார்க்கிங்' பலகைகளையும் தடுப்புகளையும் வைப்பவர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024இல் எச்சரித்தது. சில இடங்களில் அவை அகற்றவும் பட்டன. எங்கள் பகுதியில் மூட்டைகள் போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டன.

வண்டிக்காரர்களின் நம்பிக்கை இதைவிடப் பெரிய தவறு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 127ஆவது பிரிவைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியையும், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தப்பட்ட வண்டியையும் இழுவை வண்டி கொண்டு அகற்றவோ, சக்கரத்தில் பூட்டுப் போட்டு நிறுத்திவைக்கவோ, சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம் என்கிறது அந்தப் பிரிவு. இழுத்துச் செல்லும் செலவும் உரிமையாளர் தலையில்தான் விழும். இரவு எட்டு மணிக்கு நிறுத்தி மறுநாள் காலை எட்டு மணிக்கு எடுக்கப்படும் கார் ஒவ்வொன்றும் இந்தப் பிரிவின் எல்லைக்குள் வந்துவிடுகிறது என்பதைக் கணக்குப் பார்த்தால், சென்னையில் எத்தனை ஆயிரம் கார்கள் ஒவ்வோர் இரவும் காவல்துறையின் பொறுமையால் மட்டுமே தெருவில் நிற்கின்றன என்பது புரியும். எல்லாவற்றையும் இழுத்துச் செல்ல வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது நடக்கக் கூடியதும் இல்லை, நியாயமும் இல்லை. தெருவில் கார் நிறுத்துவது எவருடைய உரிமையும் அன்று, பொதுமக்கள் தரும் ஒரு சலுகை என்ற நிலையிலிருந்துதான் நம் பேச்சு தொடங்க வேண்டும் என்கிறேன்.

அந்தச் சலுகையின் விலை என்ன என்பதைத் தெருவின் அகலத்தை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் பகுதியில் இருபதடித் தெருக்கள் நிறைய உண்டு. இருபதடி என்பது ஏறத்தாழ ஆறு மீட்டர். நம் ஊரில் ஓடும் சிறிய கார்களின் அகலமே ஒன்றே முக்கால் மீட்டருக்கு அருகில் இருக்கிறது. மதிலிலிருந்து ஓரடி தள்ளி நிறுத்தினால் ஒரு கார் இரண்டு மீட்டரை எடுத்துக்கொள்ளும். இரு பக்கமும் நிறுத்தினால் நடுவில் மிஞ்சுவது இரண்டே மீட்டர். தண்ணீர் லாரிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் வேண்டும். ஒரே பக்கம் நிறுத்தினால் நான்கு மீட்டர் மிஞ்சும். அதில் லாரியும் போகும், அதற்குப் பக்கத்தில் ஒருவர் பயமின்றி நடக்கவும் முடியும். இந்தக் கணக்கில் இடையில் முளைத்து நிற்கும் மின்வாரியப் பெட்டிகளையும் மரங்களையும், கேட்டிலிருந்து சாலைக்குள் இரண்டடி நீட்டிக் கட்டப்பட்ட சாய்தளங்களையும் நான் சேர்க்கவில்லை.

கோடையில் மெட்ரோ வாட்டர் லாரி எங்கள் தெருவுக்குள் வருவதைப் பார்த்தால் இந்தக் கணக்கு கண்முன்னே நிற்கும். கிளீனர் இறங்கி, இரு பக்கமும் நிற்கும் கார்களின் பக்கவாட்டுக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே முன்னால் நடக்கிறார். லாரி அவருக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக நகர்கிறது. நடுவில் ஒரு கார் சற்று வெளியே துருத்திக்கொண்டு நின்றால் எல்லாமே நின்றுவிடும். உரிமையாளர் யார் என்று வீடு வீடாக விசாரித்து, மாடியில் தூங்குபவரை எழுப்பிச் சாவியோடு கீழே வரவழைக்கும் வரையில் குடங்களோடு நிற்பவர்கள் வெயிலில் காத்திருக்க வேண்டியதுதான். தண்ணீருக்கு இவ்வளவு தாமதம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதே தெருவின் கடைக்கோடி வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து 108 ஆம்புலன்ஸை அழைத்தால், கண்ணாடிகளை மடக்கிக்கொண்டே யார் முன்னால் நடப்பது?

மாதக்கணக்கில் உறை போர்த்தி நிறுத்தப்பட்டிருக்கும் கார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் கார், விற்க மனம் வராத பழைய கார், கடன் தகராறில் கிடக்கும் கார் என்று தெருவுக்கு இரண்டு மூன்றாவது இருக்கும். தூய்மைப் பணியாளர்கள் துடைப்பத்தின் நுனியை அந்தக் காரின் அடியில் முடிந்த மட்டும் நீட்டி, கைக்கு எட்டிய சருகுகளை மட்டும் இழுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மீதி அங்கேயே மக்கி, மழை வந்ததும் வடிகால் வாய்க்குப் போய்ச் சேர்கிறது. அதைவிட மோசமான நிலைமை, பாதாளச் சாக்கடையின் மூடிக்கு நேர் மேலே சக்கரம் நிற்கும்போது ஏற்படுகிறது. அடைப்பு எடுக்க வரும் இயந்திரம் அந்த மூடியைத் திறக்க முடியாமல் திரும்பிப் போகும். கழிவுநீர் தெருவில் ஓடும். கார் உரிமையாளரோ வேறு ஊரில் இருப்பார். 127ஆவது பிரிவு யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்டால், முதலில் இந்தக் கார்களுக்காகத்தான் என்பேன். கடைவீதியில் ஐந்து நிமிடம் நின்ற பைக்குகளை லாரியில் தூக்கிப் போடுவதில் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியை இந்த உறை போட்ட கார்களிடம் காட்டினாலே குடியிருப்புத் தெருக்களில் கணிசமான இடம் திரும்பக் கிடைக்கும்.

அபராதம் போதவில்லை என்பது அடிக்கடி சொல்லப்படும் காரணம். 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய அபராதத் தொகைகள் நடைமுறைக்கு வந்தபோது, முறையற்ற இடத்தில் வண்டி நிறுத்துவதற்கு முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்த முறைகளுக்கு 1500 ரூபாய் என்று ஆனது. அதற்கு முன் சட்டத்தில் இருந்தது 100 ரூபாயும் 300 ரூபாயும்தான். தொகை ஐந்து மடங்கு கூடிய பிறகும் எங்கள் தெருவில் எதுவும் மாறவில்லை. மாறாததற்குக் காரணம் எளிமையானது. இங்கே எது முறையான இடம், எது முறையற்ற இடம் என்பதைச் சாலை சொல்வதில்லை. சலான் போட வரும் காவலரும் எந்தக் கோட்டைக் காட்டிப் போடுவார்? சட்டப் புத்தகத்தில் உள்ள விதி தார்ச்சாலையில் கோடாக விழாத வரையில், அபராதத்தை ஐயாயிரமாக உயர்த்தினாலும் அது வாக்குவாதத்தில்தான் முடியும்.

மூலைகளை எடுத்துக்கொள்வோம். சாலைச் சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டர் வரை வண்டி நிறுத்தக் கூடாது என்பது 2017 ஒழுங்குமுறையின் விதி. அகலமான அண்ணா சாலைக்கும் ஆற்காடு சாலைக்கும் இது பொருந்தும். நூற்றைம்பது மீட்டர் நீளமே உள்ள குறுக்குத் தெருவில் இரு முனைகளிலும் 50 மீட்டரை விட்டுவிட்டால் மிச்சம் 50 மீட்டர்தான். நடுவில் ஒரு சந்து பிரிந்தால் அதுவும் இல்லை. ஆக, எழுத்துப்படி நடைமுறைப்படுத்தினால் தெருவே காலியாகிவிடும் என்பதால் யாரும் நடைமுறைப்படுத்துவதில்லை. நடைமுறைப்படுத்தாததால், மூலையில் திருப்பத்தின் உச்சியிலேயே கார் நிற்கிறது. பள்ளி வேன் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்வருகிறது. நிற்கும் காரின் மறைவிலிருந்து வெளிப்படும் சைக்கிள் சிறுவனை எதிரே வரும் ஆட்டோக்காரர் கடைசி நொடியில்தான் பார்க்கிறார். குடியிருப்புத் தெருக்களுக்கு இந்த 50 மீட்டரைக் குறைத்து, பத்து மீட்டர் என்றாவது வைத்து, அந்தப் பத்து மீட்டரில் எந்தச் சமாதானத்துக்கும் இடம் தராமல் மஞ்சள் கோடு போட்டுக் காக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒருவரும் மதிக்காத 50 மீட்டரைக் காட்டிலும் எல்லோரும் மதிக்கும் பத்து மீட்டர் உயிர் காக்கும்.

நடைபாதையைப் பற்றி வாதமே வேண்டாம். நடைபாதையில் வண்டி நிறுத்தக் கூடாது என்பதில் விதியும் ஒன்றுதான், நியாயமும் ஒன்றுதான். நடைபாதையில் தடையில்லாமல் நடக்க, குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டு நெறி சொல்கிறது. பிளாட்பாரத்தில் இரண்டு ஸ்கூட்டர்களைக் குறுக்காக நிறுத்திவிட்டால் இந்த 1.8 மீட்டரும் போய்விடுகிறது. ஊன்றுகோலோடு வருபவரும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருபவரும் பேருந்து ஓடும் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். நான்கு இண்டிகேட்டர்களையும் மின்னவிட்டு, 'இதோ ஒரு நிமிஷம் சார்' என்று மருந்துக்கடைக்குள் போகும் பழக்கமும் இதே வகைதான். மின்னும் விளக்கு பழுதையும் ஆபத்தையும் தெரிவிக்க வைத்தது. அது அனுமதிச் சீட்டு ஆகாது.

நம் ஊரிலேயே ஓர் இடத்தில் இதைச் சரிசெய்து காட்டியிருக்கிறார்கள். 2019 நவம்பரில் தி.நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோது, இவ்வளவு அகலமாக நடைபாதை விட்டால் வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று வியாபாரிகளும் வாடிக்கையாளர்களும் கவலைப்பட்டார்கள். இன்று அங்கே வண்டி நிற்கும் இடம் வரையறுக்கப்பட்டிருக்கிறது, நிறுத்துவதற்கு மணிக்கணக்கில் கட்டணம் வைக்கப்பட்டது, அருகே தணிகாசலம் சாலையில் மாநகராட்சியின் பலமாடி வாகன நிறுத்தகமும் இருக்கிறது. குறைகள் இல்லாமல் இல்லை. கட்டணம் வசூலிப்பதில் பிரச்சினைகள் வந்ததும் உண்டு. ஆனாலும் அந்தச் சாலையில் வயதானவர்கள் சாலையில் இறங்காமல் ஒரு கடையிலிருந்து மறு கடைக்குப் போவதைப் பார்க்கும்போது, இந்த நகரத்தால் முடியாதது ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. நகர்ப்புற நிலத்தின் மதிப்பைப் பிரதிபலிக்கும் அளவுக்கு வாகன நிறுத்தக் கட்டணம் இருக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்கிறது. ஒரு கார் நிற்கும் இடத்துக்கு நம் கட்டட விதிகள் வைத்திருக்கும் அளவு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது ஏறத்தாழ 135 சதுர அடி. மாம்பலத்தில் அந்த அளவுள்ள ஓர் அறைக்கு மாத வாடகை என்ன என்பது இங்கே குடியிருக்கும் எவருக்கும் தெரியும். பொதுச் சாலையில் அதே இடம் காலமெல்லாம் இலவசம்.

கார் வாங்குமுன் நிறுத்த இடம் இருக்கிறதா என்று நிரூபிக்கச் சொல்ல வேண்டும் என்ற யோசனை சென்னையிலும் அவ்வப்போது எழுகிறது. ஜப்பான் இதை 1962இலேயே சட்டமாக்கிவிட்டது. வசிப்பிடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் இடம் இருப்பதைக் காவல் நிலையத்தின் சான்றிதழ் மூலம் காட்டினால்தான் அங்கே காரைப் பதிவு செய்ய முடியும். நம் நாட்டில் சிக்கிமிலும் மிசோரமின் ஐஸ்வாலிலும் இத்தகைய விதி உண்டு. இரண்டுமே மலைச்சரிவில் இடநெருக்கடியோடு வாழும் ஊர்களைக் கொண்டவை என்பதால் முன்கூட்டியே விழித்துக்கொண்டன. எனக்கும் இந்த யோசனையில் உடன்பாடு உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. ஏற்கெனவே வாங்கப்பட்ட கார்களை அது தொடாது. அடுத்த வீட்டுக்காரரின் இடத்தைத் தம் இடமாகக் காட்டி வாங்கும் சான்றிதழ்களும் பெருகும். எல்லாவற்றுக்கும் மேலாக, இருக்கும் இடத்தையே நாம் ஒழுங்காகப் பயன்படுத்துவதில்லை. தூண்கள்மேல் எழுப்பிய அடுக்ககங்களில் தரைத்தளம் முழுவதும் கார் நிறுத்தத்துக்கென்றே அனுமதி வாங்கப்பட்டிருக்கும். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அதில் ஒரு பகுதி வாட்ச்மேன் அறையாகவும், ஒரு பகுதி பழைய சாமான்கள் போடும் இடமாகவும், சாலையை ஒட்டிய பகுதி தையற்கடையாகவும் மாறியிருக்கும். வாசலில் 'விருந்தினர் வாகனங்களை வெளியே நிறுத்தவும்' என்று பலகை தொங்கும். வெளியே என்றால் எங்கே? அடுத்தவர் மதிலோரம்தான். அனுமதி வாங்கிய வரைபடத்தில் காட்டிய வாகன நிறுத்த இடத்தைத் திரும்பப் பெறுவது, புதிதாக ஒரு சட்டம் கொண்டுவருவதைவிட அவசரமான வேலை.

விதியைத் தளர்த்த வேண்டிய தருணங்களும் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது, முந்தைய வெள்ளங்களில் கார்களைப் பறிகொடுத்த வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் ஓரமாக வரிசை கட்டி நிறுத்தினார்கள். அபராதம் விதிக்கப்படவில்லை என்று காவல்துறையும் விளக்கம் சொன்னது. மேம்பாலத்தில் நிறுத்துவது தவறுதான். அந்த இரண்டு மூன்று நாள்களுக்கு அது சரியான முடிவுதான். இப்படிப்பட்ட விலக்குகளை மழைக்காலத்துக்கு முன்பே யோசித்து, எந்த மேம்பாலத்தில் எந்தப் பக்கம், எத்தனை நாள் என்று அறிவித்துவிட்டால் மக்கள் பதற வேண்டியதில்லை.

எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் கொடுப்பதற்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இருபதடித் தெருக்களில் ஒரு பக்கம் மட்டுமே வண்டி நிறுத்தலாம் என்று அறிவித்து, அந்தப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டால் கட்டங்கள் போட வேண்டும். புணே நகரில் சில தெருக்களில் செய்வதைப் போல, ஒற்றைப்படைத் தேதிகளில் ஒரு பக்கமும் இரட்டைப்படைத் தேதிகளில் மறுபக்கமும் என்று மாற்றி வைத்தால், எந்த வீட்டுக்காரரும் தம் மதிலுக்கு மட்டும் பாரம் என்று குறைசொல்ல முடியாது. உறை போட்டு அசையாமல் கிடக்கும் காரும் தானாகவே வெளிப்பட்டுவிடும், துப்புரவுக்கும் நாள் விட்டு நாள் இடம் கிடைக்கும். மூலைகளிலும், பாதாளச் சாக்கடை மூடிகளின் மேலும், வடிகால் வாய்களின் முன்னும் மஞ்சள் கோடு போட வேண்டும். கேட்டுக்கு முன்னாலும் அதே மஞ்சள் கோடு, கேட்டின் அகலத்துக்கு மட்டும். தெருவில் நிறுத்த விரும்பும் குடியிருப்போர், ஒரு வீட்டுக்கு முதல் காருக்குக் குறைவாகவும் இரண்டாவது காருக்குக் கூடுதலாகவும் ஆண்டுக் கட்டணம் செலுத்தி அனுமதி வில்லை (ஸ்டிக்கர்) பெற வேண்டும். மருத்துவரின் கிளினிக் இருக்கும் இடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு கட்டம், மளிகைக் கடைக்கு முன் சரக்கு இறக்கக் காலை நேரத்தில் ஒரு கட்டம்.

ஆண்டுக் கட்டணம் என்ற வாசகத்தில்தான் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. சொத்து வரி கட்டுகிறோம், சாலை வரி கட்டுகிறோம், இதற்கும் காசா என்று கேட்கிறார்கள். வாகன வரி சாலையில் ஓடுவதற்குக் கட்டுவது, சொத்து வரி வேலிக்கு உள்ளே இருப்பதற்குக் கட்டுவது, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 135 சதுர அடிக்கு இதுவரை எவரும் எதுவும் கட்டவில்லை என்று நான் பதில் சொல்லி வருகிறேன். தெருவில் கார் வைத்திருக்காத வீடுகள் எங்களிடம் பாதிக்கு மேல் இருக்கின்றன. அவர்களிடம் இந்த மனுவைக் கொண்டுபோனபோது அந்த வாசகத்தைத்தான் முதலில் படித்தார்கள். மறுபேச்சில்லாமல் கையெழுத்தும் போட்டார்கள். கார் வைத்திருப்பவர்களில் சிலர், கோடு போடுவதற்குச் சம்மதம், கட்டணத்தை மட்டும் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறார்கள். கோடாவது முதலில் விழட்டும் என்று அந்தக் கட்டண வாசகத்தைத் தனி மனுவாகப் பிரித்து எழுதியிருக்கிறோம்.